தலைமுடிக்கும் தலைத்தோலுக்கும் வீட்டு வைத்தியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தலைக்கு எதைத் தடவலாம் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துப் பொருள் சொல்வார்கள். அதில் சிலது முடிக்கு நல்லது, தலைத்தோலுக்கு ஆகாது. வேறு சிலது தோலுக்கு இதமாக இருக்கும், முடியை வறட்டிவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வைத்தியம் பலிக்காமல் போகிறது என்பது என் அனுபவம். அதனால் கீழே உள்ள பதில்களில் எது முடிக்கு, எது தோலுக்கு என்று முடிந்தவரை பிரித்தே சொல்லியிருக்கிறேன்.

முடிக்கு எப்படிப் போஷாக்கு கொடுப்பது?

வெளியிலிருந்து கொடுக்க முடியாது. கண்ணுக்குத் தெரிகிற முடி முழுக்கக் கெரட்டின் என்ற புரதம், நகம் மாதிரி. ரத்த ஓட்டம் இல்லை, நரம்பும் இல்லை. வெட்டினால் வலிக்காதது அதனால்தான். உயிர் இருப்பது தோலுக்கு அடியில் இருக்கிற வேர்க்காலில் மட்டும். அது மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. முடியை வெளியே தள்ளுகிறது. இடுப்பளவு முடி இருப்பவருக்கு நுனியின் வயது ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும். அத்தனை வருஷத்து வெயில், சீப்பு, துண்டு எல்லாவற்றையும் தாங்கிய நுனி அது.

முடியின் மேற்புறத்தில் ஓடு வேய்ந்த மாதிரி சின்னச் சின்னச் செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். நீளமான ஒரு முடியை எடுத்து, வேர்ப்பக்கத்திலிருந்து நுனியை நோக்கி இரண்டு விரலால் உருவிப் பாருங்கள், வழுக்கிக்கொண்டு போகும். நுனியிலிருந்து வேரை நோக்கி உருவினால் லேசாகத் தடுக்கும். அந்தத் தடுப்புதான் செதில். செதில்கள் ஒழுங்காகப் படிந்திருந்தால் முடி பளபளக்கும். தூக்கிக்கொண்டு நின்றால் சொரசொரப்பு, சிக்கு, உடைசல்.

கண்டிஷனிங் என்று நாம் சொல்வது இந்தச் செதில்களின் மேல் வழவழப்பாக ஒரு பூச்சு போட்டு, முடியோடு முடி உரசாமல் பார்த்துக்கொள்வது. ஏற்கெனவே பட்ட சேதத்தை அது சரிசெய்யாது, இனிமேல் படப்போவதைக் குறைக்கும். தலைத்தோலோ உயிருள்ள தோல். அதற்கு எரியும், வறளும், ஒவ்வாமை வரும், ஆறவும் செய்யும்.

எந்த எண்ணெய் நல்லது?

முடிக்கு என்றால் என் ஓட்டு தேங்காய் எண்ணெய்க்கு. பழக்க தோஷத்தில் சொல்லவில்லை. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து கழன்று போகிற புரதத்தைக் கணிசமாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் அதிகமாக இருக்கும் லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. முடித்தண்டுக்குள் நுழைந்துவிடும். மற்ற இரண்டும் வாசலிலேயே நின்றுவிடுகின்றன.

உள்ளே போனால் என்ன லாபம்? முடி தண்ணீரில் ஊறும்போது உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது. இதுவே திரும்பத் திரும்ப நடந்தால் செதில்கள் தளர்ந்துபோகும். உள்ளே ஏற்கெனவே எண்ணெய் இருந்தால் தண்ணீர் குறைவாகத்தான் புகும். அதனால் தலைக்குக் குளிப்பதற்கு முன்னால், காய்ந்த முடியில் தடவுவதுதான் புத்திசாலித்தனம்.

அளவில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தோள்வரை முடி என்றால் ஒன்றரை டீஸ்பூன் போதும். உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, காதுக்குக் கீழே ஆரம்பித்து நுனிவரை தடவுங்கள். கை காயக் காய இன்னும் கொஞ்சம். எண்ணெய் வழிந்தால் அதை எடுக்க ஷாம்புவை இரண்டு தடவை போட வேண்டியிருக்கும், போட்ட பலனும் அதோடு போகும்.

நல்லெண்ணெய், பாதாம் எண்ணெய், ஆலிவ் எண்ணெய் எல்லாமே வழவழப்பும் பளபளப்பும் கொடுக்கும். அந்த வாசனைதான் பிடிக்கும் என்றால் அதையே தடவுங்கள். ஆனால் எந்த எண்ணெயும் முடியை 'வளர்க்கும்' என்று நம்பி வாங்காதீர்கள். முடி உடையாமல் இருந்தால் நீளமாகத் தெரியும், அவ்வளவுதான் விஷயம்.

இரவு முழுக்க எண்ணெயோடு தூங்கலாமா?

முடிக்குக் கெடுதல் இல்லை, ஆனால் அவசியமும் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரம் போதும். நெற்றியில் பரு வருபவர்களும் பொடுகு இருப்பவர்களும் இதைத் தவிர்ப்பது நல்லது.

விளக்கெண்ணெய் தடவினால் அடர்த்தியாகும் என்கிறார்களே?

தடவினதும் அடர்த்தியாகத் தெரியும். அது எண்ணெயின் கெட்டித்தன்மை, முடியின் எண்ணிக்கை கூடியதால் அல்ல. விளக்கெண்ணெயில் கிட்டத்தட்ட 90 சதவீதம் ரிசினோலெயிக் அமிலம். அதனால்தான் அந்தப் பிசுக்கு.

நீளமான முடிக்கு இதில் ஓர் ஆபத்து உண்டு. தனி விளக்கெண்ணெயை நிறையத் தடவிவிட்டுக் குளிக்கும்போது, முடி மொத்தமும் குருவிக்கூடு மாதிரி இறுகிக்கொண்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. பிரிக்கவே முடியாமல் கத்தரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அரிதுதான், ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். ஆசையாக இருந்தால் ஒரு பங்குக்கு மூன்று பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து தடவுங்கள். முதலில் சிக்கை எடுத்துவிடுங்கள். அலசும்போது முடியை உச்சியில் குவித்துத் தேய்க்காமல், தொங்கவிட்டு நீளவாக்கில் உருவுங்கள்.

வெந்தயம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

செய்யும். வீட்டில் இருக்கிற பொருள்களில் கண்டிஷனர் என்று கூச்சமில்லாமல் சொல்லக்கூடியவை கொழகொழப்பு விடுகிற பொருள்கள்தான்: வெந்தயம், செம்பருத்தி இலை, ஆளிவிதை.

இரண்டு டேபிள்ஸ்பூன் வெந்தயத்தை ஒரு கப் தண்ணீரில் இரவு ஊறப்போடுங்கள். காலையில் விரலை விட்டுத் தூக்கினால் தண்ணீர் நூல்போல இழுபடும். அந்த இழுவை கேலக்டோமேனன் என்கிற நார்ப்பொருள். செதில்களின் மேல் படிந்து வழுக்கலைக் கொடுப்பது அதுதான். பலர் செய்கிற தவறு, ஊறின வெந்தயத்தை அரைத்து விழுதாக அப்பிக்கொள்வது. எவ்வளவு நைசாக அரைத்தாலும் துகள் முடியில் மாட்டும், காய்ந்ததும் மூன்று நாள் தோளில் உதிரும். பார்ப்பவர்கள் பொடுகு என்று நினைப்பார்கள். விழுதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, மெல்லிய துணியில் போட்டுப் பிழிந்து, அந்தச் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். குளித்து முடித்த ஈர முடியில் தடவி 20 நிமிஷம், அப்புறம் வெறும் தண்ணீரில் அலசல். காயவிடாதீர்கள். காய்ந்தால் கஞ்சி போட்ட துணி மாதிரி விறைத்துக்கொள்ளும்.

வாசனை போகாது. தலையணையில்கூட ஒட்டிக்கொள்ளும். அந்த மணம் பிடிக்காதவர்கள் செம்பருத்தி இலைக்குப் போகலாம். ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் போட்டுக் கசக்கினாலே வழவழவென்று வரும். வடிகட்டுவதும் சுலபம்.

இன்னொன்று, வெந்தயம் பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

ஆளிவிதை ஜெல் எப்படிச் செய்வது?

கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர். மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். எட்டுப் பத்து நிமிஷத்தில் நுரை வெண்மையாகி, கரண்டியிலிருந்து முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி வழியும். உடனே இறக்கிச் சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிடுங்கள். 'ஆறட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டால் ஜெல்லும் விதையும் ஒன்றையொன்று விடாது. சுருட்டை முடிக்கு இது அருமை. அலசாமல் அப்படியே விடலாம். கடைசியில் துண்டால் தேய்க்காமல் பிழிந்து எடுங்கள். ஈர முடிக்குப் பலம் குறைவு.

முட்டை?

புரதம் முடிக்குள் போகும் என்று சொல்லித்தான் இதை எல்லோரும் சிபாரிசு செய்கிறார்கள். போகாது. முட்டையிலுள்ள புரத மூலக்கூறு முடிக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரியது. ஏதாவது பயன் இருந்தால் அது மஞ்சள் கருவிலுள்ள கொழுப்பாலும் லெசித்தினாலும் வருவது. அதே வழவழப்பை நாற்றம் இல்லாமல் எண்ணெயே கொடுத்துவிடும். வெந்நீர் ஊற்றினால் தலையிலேயே முட்டை வெந்துவிடும் என்பார்கள். வெள்ளைக்கரு உறையவே 60 டிகிரி செல்சியஸ் வேண்டும். அந்தச் சூட்டைத் தலை தாங்காது, பயப்படாதீர்கள். பச்சை முட்டை என்பதால் கையையும் பாத்திரத்தையும் நன்றாகக் கழுவ வேண்டும் என்பது மட்டும் நிஜம்.

வாழைப்பழ மாஸ்க்?

ஒரு தடவை போட்டேன். முள்கரண்டியால் மசித்து, தேனும் விட்டு, அரை மணி நேரம் தலையில் பை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அலசும்போது போய்விட்டது என்றுதான் நினைத்தேன். காய்ந்த பிறகு பார்த்தால் ஒவ்வொரு கற்றையிலும் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலம் வரை பேன் சீப்பும் கையுமாக இருந்தேன். மிக்ஸியில் கூழாக அடித்து வடிகட்டினால் இந்தக் கஷ்டம் வராது என்கிறார்கள். நான் சாப்பிட்டுவிடுகிறேன்.

பொடுகுக்கு எண்ணெய் வைக்கலாமா?

முதலில் அது பொடுகுதானா என்று பாருங்கள். தலைத்தோல் வெறுமனே வறண்டிருந்தால் உதிர்வது சின்ன வெள்ளைத் தூள். தோல் இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்கும், கை கால் தோலும் வறண்டிருக்கும், குளிர் நாளில் அதிகமாகும். இதற்கு எண்ணெய் சரிதான். பொடுகின் செதில் கொஞ்சம் பெரியது, மஞ்சள் ஓடியது, விரலில் எடுத்துத் தேய்த்தால் பிசுக்குத் தெரியும். புருவத்திலும் மூக்கின் ஓரத்திலும்கூட வரும்.

பொடுகில் சம்பந்தப்பட்டது மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை. எல்லார் தலையிலும் குடியிருக்கிறது. அதன் சாப்பாடே கொழுப்புதான். தலையில் சுரக்கிற எண்ணெயைத் தின்றுவிட்டு ஓலெயிக் அமிலத்தை மிச்சம் விடும். அந்த அமிலம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் தோல் அரித்து உரிகிறது. இப்போது ஆலிவ் எண்ணெயை யோசித்துப் பாருங்கள், அதில் பெரும்பங்கு ஓலெயிக் அமிலமே. பொடுகுத் தலையில் அதை ஊறப்போடுவது எரிகிற இடத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றுவது போல. எண்ணெய் பட்டதும் செதில் தோலோடு ஒட்டிக்கொள்வதால் அன்றைக்குக் குறைந்த மாதிரி தெரியும். இரண்டு நாளில் பழைய கதை.

பொடுகுக்கு அடிக்கடி அலசுவதுதான் வைத்தியம். வீட்டு வழியில் ஓரளவு ஆதாரம் உள்ளது டீ ட்ரீ எண்ணெய். 5 சதவீதம் அது கலந்த ஷாம்புவை நான்கு வாரம் போட்டவர்களுக்குப் பொடுகு 41 சதவீதம் குறைந்ததாகவும், அது கலக்காத ஷாம்பு போட்டவர்களுக்கு 11 சதவீதம் குறைந்ததாகவும் 2002-இல் ஓர் ஆய்வு வந்தது. தனியாகத் தடவக் கூடாது, தோல் புண்ணாகும். வாயில் படவே கூடாது. நான் வீட்டு வைத்தியப் பக்கம் சாய்கிற ஆள்தான், ஆனாலும் பொடுகு விஷயத்தில் மருந்துக்கடையில் கிடைக்கும் பூஞ்சைக்கொல்லியான கீட்டோகோனசோல் கலந்த ஷாம்புவே மேல் என்று ஒத்துக்கொள்கிறேன். நுரையோடு மூன்று முதல் ஐந்து நிமிஷம் வைத்திருந்து அலசுங்கள். போட்ட உடனே கழுவிவிட்டு 'பலனில்லை' என்பவர்கள்தான் அதிகம்.

தலை அரிக்கிறது, எரிகிறது. உடனே எதைத் தடவலாம்?

முதலில் புதிதாகப் போட்டதை நிறுத்துங்கள்: சாயம், ஷாம்பு, எண்ணெய், எதுவானாலும். தலையைச் சாதாரணத் தண்ணீரில் அலசுங்கள், வெந்நீர் வேண்டாம். பேன் இருக்கிறதா என்று காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் பார்த்துவிடுங்கள். பேனை விட்டுவிட்டுக் கற்றாழை தடவி என்ன பயன்?

கற்றாழை என்றால், மடலை அடியோடு வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி ஒரு டம்ளரில் பத்துப் பதினைந்து நிமிஷம் நிறுத்திவையுங்கள். மஞ்சளாக ஒரு பால் வடியும். அரிப்புக்குத் தடவின கற்றாழையே பலருக்கு அரிப்பு கொடுப்பது இந்தப் பாலால்தான். வடிந்ததும் கழுவி, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான சோற்றை மட்டும் எடுத்து இன்னொரு தடவை கழுவி, அடித்து, வகிடு வகிடாகப் பிரித்துத் தோலில் தடவுங்கள். இருபது நிமிஷம் கழித்து அலசிவிடலாம்.

அதைவிட நம்பகமானது ஓட்ஸ், ஆனால் அதிகம் பேர் தலைக்கு யோசிப்பதில்லை. மாவாக அரைத்த ஓட்ஸைத் தோல் பாதுகாப்புப் பொருளாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே 2003-இல் ஏற்றுக்கொண்டது. எரிச்சலைத் தணிக்கிற அவெனாந்த்ரமைடு என்ற பொருள் அதில் இருக்கிறது. அரை கப் ஓட்ஸை மாவாக்கி, இரண்டு கப் தண்ணீரில் அரை மணி நேரம் கரைத்து வைத்து, பால் மாதிரி வந்ததைத் துணியில் வடிகட்டித் தலையில் மெதுவாக ஊற்றி, பத்து நிமிஷம் விட்டு அலசுங்கள். தயிரும் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் சொறிந்து புண்ணான இடத்தில் எரியும்.

எலுமிச்சை, வினிகர் தலைக்குப் போடலாமா?

வினிகர், தண்ணீர் கலந்து போடலாம். எலுமிச்சை வேண்டாம்.

தலைத்தோலின் பிஎச் அளவு சுமார் 5.5, அதாவது லேசான அமிலம். முடித்தண்டு இன்னும் அமிலமானது. சோப்புப் போட்டு அலசினால் முடி காரத்தன்மைக்கு, அதாவது அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் போய், செதில்கள் தூக்கிக்கொள்ளும். உப்புத் தண்ணீரில் குளிப்பவர்களுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைப் படிவமாக ஒட்டும். ஒரு கப் தண்ணீரில் ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் விட்டுக் கடைசி அலசலாக ஊற்றி, ஒரு நிமிஷம் கழித்து வெறும் தண்ணீர் ஊற்றினால் படிவம் கரையும், முடி வழுக்கும். நேரடியாக ஊற்றினால் தோல் வெந்துபோகும்.

எலுமிச்சை ரொம்ப அமிலம், அதோடு வேறொரு வம்பும் உண்டு. அதன் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளம் வந்து, நெற்றியிலும் கழுத்திலும் கருப்புத் தழும்பாக வாரக்கணக்கில் நிற்கும்.

சமையல் சோடா?

வேண்டாம். அது காரத்தன்மை உள்ளது. மேலே சொன்ன வினிகருக்கு நேர் எதிர் வேலை செய்யும்.

சீயக்காய் போட்டால் கண்டிஷனர் தேவையில்லையா?

சீயக்காயில் நுரைப்பது சப்போனின். அது அழுக்கெடுக்கிற பொருள், ஷாம்புவின் வேலையைச் செய்வது. மென்மையாகச் செய்வதால் முடியின் எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுவதில்லை, அதனால் சிலருக்குக் கண்டிஷனர் இல்லாமலே சமாளிக்கும். சாயம் போட்ட முடிக்கும் வறண்ட நுனிக்கும் போதாது. நன்றாகச் சலித்த பொடியாக வாங்குங்கள், கண்ணில் பட்டால் நன்றாக எரியும்.

வெங்காயச் சாறு, ரோஸ்மேரி எண்ணெய்?

இரண்டும் கண்டிஷனிங் கணக்கில் வராது, ஆனால் கேட்காதவர் இல்லை. வெங்காயச் சாறு பற்றி 2002-இல் வந்த ஆய்வு மிகச் சிறியது, அதுவும் புழுவெட்டுக்கு, அதாவது வட்ட வட்டமாக முடி கொட்டுகிற நோய்க்கு. அந்த வட்டங்கள் பலருக்குத் தானாகவே நிரம்பிவிடும். சாதாரண முடி உதிர்வுக்கு அதை நீட்டிச் சொல்ல இடமில்லை. தோல் எரியும் என்பதற்கு ஆதாரமே தேவையில்லை.

ரோஸ்மேரி எண்ணெயை 2015-இல் 100 பேரிடம், முடி உதிர்வுக்குத் தலையில் தடவுகிற மருந்தான 2 சதவீத மினாக்சிடிலோடு ஆறு மாதம் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பலன். எதையும் போடாத ஒரு குழு அதில் இல்லை என்பதால் நான் அளவாகவே நம்புகிறேன். போடுவதென்றால் 30 மி.லி. சாதாரணத் தலை எண்ணெயில் ரோஸ்மேரி எண்ணெய் 12 சொட்டுக்கு மேல் வேண்டாம்.

மருதாணி?

இலையிலுள்ள லாசோன் என்ற நிறமி கெரட்டினோடு பிணைந்து முடியைத் தடிமனாகக் காட்டும். சிலருக்கு அதுவே விறைப்பாகவும் வறட்சியாகவும் முடியும். அசல் மருதாணியின் நிறம் செம்பழுப்பு. கருப்பு மருதாணி என்று வருவதில் பெரும்பாலும் பிபிடி என்கிற சாயம் கலந்திருக்கும். அதற்கு ஒவ்வாமை வந்தால் தலையும் முகமும் வீங்கிவிடும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு மருதாணியே கூடாது, ரத்த அணுக்கள் சிதையும்.

நுனி பிளந்ததை ஒட்டவைக்க ஏதாவது?

கத்தரிக்கோல்.

குழந்தைகளுக்கு எதைத் தவிர்க்க வேண்டும்?

கற்பூரம். எண்ணெயில் கரைத்துத் தடவினால் ஜில்லென்று இருக்கும், அரிப்பு மறக்கும் என்பது உண்மை. ஆனால் சின்னக் குழந்தை கொஞ்சம் விழுங்கினாலே வலிப்பு வரும். வேப்பெண்ணெயும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் விஷம். இரண்டையும் கைக்கெட்டாத இடத்தில் வையுங்கள், கைக்குழந்தையின் தலையில் தடவவே வேண்டாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

தலையில் சீழ், வலி, காய்ச்சல் இருந்தால் அன்றைக்கே. வெள்ளி நிறத்தில் தடித்த செதில் நெற்றி, காதோரம் வரை இறங்கினால் அது சொரியாசிஸாக இருக்கலாம். குழந்தையின் தலையில் ஓரிடத்தில் முடி உடைந்து, செதிலோடு வழுக்கை விழுந்தால் படர்தாமரை என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்துதான், தடவுவது எதுவும் போதாது. நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் அரிப்பு அடங்கவில்லை என்றாலும் காத்திருக்காதீர்கள்.

தினமும் 50 முதல் 100 முடி வரை விழுவது சாதாரணம். பெரிய காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்துக் கொத்தாகக் கொட்டினால், பெரும்பாலும் தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் இரும்புச்சத்தையும் தைராய்டையும் சோதித்துப் பார்க்கச் சொல்வார்கள்.

ஒவ்வாமை வருமா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

முழங்கையின் உள்மடிப்பில் ஒரு சொட்டு தடவி 48 மணி நேரம் பாருங்கள். சிவந்தாலோ அரித்தாலோ தலைக்கு வேண்டாம்.

மீந்ததை எத்தனை நாள் வைக்கலாம்?

கடையில் வாங்குவதில் கெடாமல் இருக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள், நாம் செய்வதில் அது இல்லை. வெந்தயச் சாறு மறுநாளே புளித்த வாடை அடிக்கும். கற்றாழை ஃப்ரிட்ஜில் மூன்று நாள், ஆளிவிதை ஜெல் ஒரு வாரம் தாங்கும். நான் மீந்ததை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, தேவைப்படும்போது இரண்டு கட்டி எடுத்துக்கொள்கிறேன். தட்டின் மேல் இன்னது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவர் வெந்தயக் கட்டியைப் போட்டு ஜூஸ் குடித்துவிட்டார்.